தென்னைக்கு வைக்கிற உப்பு

எங்கள் வீட்டு வாசலில், கேட்டுக்கு வலப்பக்கம், ஒரு சிமெண்ட் தொட்டியில் சைகஸ் செடி இருக்கிறது. நர்சரிக்காரர்கள் அதை சாகோ பாம் என்று சொல்லி விற்கிறார்கள். பார்க்கக் குட்டைத் தென்னை மாதிரியோ ஈச்சை மாதிரியோ இருக்கும். ஆனால் தென்னைக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. தென்னை பூத்துக் காய்க்கிற இனம். சைகஸுக்குப் பூவே இல்லை. கனிக்குள் மூடி வைக்காமல் விதையைத் திறந்தபடி வைத்திருக்கிற மிகப் பழைய இனம் அது. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க இதை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். சைகஸைப் பனைக் குடும்பம் என்று எழுதிய பிள்ளைகளுக்கு ஒருநாளும் மதிப்பெண் கொடுத்ததில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு கேள்விக்குறியும் போடுவேன்.

அப்படிப்பட்டவன், போன வருடம் அந்தச் செடிக்குத் தென்னை வைத்தியம் பார்த்தேன். செடி சாகக் கிடந்தது. அதோடு நிற்காமல் ஒரு பொய்யும் சொன்னேன்.

செடி என் மனைவியுடையது. இராமநாதபுரத்தில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த புதிதில், மினி வேனில் செடி விற்றுக்கொண்டு வந்தவரிடம் வாங்கினாள். அப்போது அது ஒரு பெல்லாரி வெங்காயம் அளவுக்குத்தான் இருந்தது. உச்சியில் இரண்டே இரண்டு இலை. வருடத்துக்கு ஒரு முறை, பல வருடங்களில் அதுகூட இல்லாமல், ஒரு கொத்துக் குருத்து விடும். மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். அப்படி நின்று நின்றே என் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. இலை நுனி ஒவ்வொன்றும் ஊசி. செய்தித்தாள் எடுக்கக் குனியும்போதெல்லாம் என்னைக் குத்தும்.

"பூக்காது, காய்க்காது, நிழலும் குடுக்காது. குத்த மட்டும் தெரியும். இத எதுக்கு வச்சு வளக்குற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்த வீட்டுல அப்படி இன்னொண்ணும் இருக்கு. அதையும்தான் வச்சுப் பாக்குறேன்" என்றாள், கையில் இருந்த செம்பைக் கவிழ்த்தபடி.

நான் சிரித்தேன். அதில் பாதி உண்மை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயில் பிடித்து வரவேண்டும். அத்தனை வருடமும் பிடித்து வந்தவள் அவள்தான். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், வாசலில் மூன்று படி. நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற வீட்டு ஆண்பிள்ளை குடம் தூக்குவதில்லை. வாத்தியார் வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பெருமையை நான் விடவில்லை. அவளுடைய இரண்டு முழங்காலும் தேய்ந்து போய்விட்டதாக மதுரை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, எனக்கு அந்த மூன்று படிகள்தான் கண்ணில் நின்றன. வாய்விட்டுச் சொல்லவில்லை. வயது என்று மருத்துவர் சொன்னதற்குத் தலையாட்டினேன்.

அறுவை சிகிச்சை முடிந்து, மதுரையில் எங்கள் மகள் வீட்டில் இருந்தாள். ஒருநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது மகள் பேச்சை ஆரம்பித்தாள்.

"அய்யா, அம்மா இனிமே இங்கனயே இருக்கட்டும். நீங்களும் வந்துருங்க."

"வீட்டப் பூட்டிப் போட்டுட்டா?"

"அப்ப அங்கன அம்மாவ யாரு பாப்பாக?"

"ஏன், நான் பாக்குறேன்."

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்களா! குடிச்ச காபித் தம்ளர ஒருநாளாவது கழுவி வச்சிருக்கீகளாய்யா?"

மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். அவள் சொன்னாள்: "மொதல்ல போயி எஞ் செடியப் பாருங்க. அது நல்லா இருந்தா அப்புறம் என்னையப் பாக்குறதப் பத்திப் பேசுவோம்."

"அதான் சரி. அய்யாவுக்கு அதுதான் பரீச்சை. பாசாயிட்டாகன்னா நீ போ, இல்லைன்னா இங்கனதான்" என்றாள் மகள்.

விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவளுக்கு வீட்டுக்கு வர ஆசை என்பது எனக்குத் தெரியும். கடல்காற்று இல்லாமல் மதுரையில் அவளுக்குப் புழுங்கியது. என்னை நம்பி வரலாமா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தடை. அதற்கு என் பேச்சு போதாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது சொல்லி அனுப்பினாள். மண்ணுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அதுவும் மொட்டைமாடியில் இருந்து டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீர். நடுக்கிழங்கின் தலையில் படக்கூடாது. அது கிழங்கு அல்ல, தண்டு என்று நான் திருத்தினேன்.

இந்த மாவட்டத்தில் ஒரு செடியிடம் பிரியம் காட்ட எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். நான் காலையில் ஊற்றினேன், மாலையில் ஊற்றினேன். விரலெல்லாம் விட்டுப் பார்க்கவில்லை. டிரம் சீக்கிரமே காலியாகிவிட்டது. பிறகு போர் தண்ணீரையே ஊற்றினேன். தண்ணீர் தண்ணீர்தானே என்று.

அடியிலை இரண்டு மஞ்சளித்தன. பழைய இலை மஞ்சளித்து உதிர்வது இயல்பு. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பரீட்சையில் தோற்றுப்போகிற பயம். உச்சிப்புளிப் பக்கம் எங்கள் பூர்வீக நிலத்தில் தம்பி தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். அவனுக்கு போன் செய்தேன். "வாசல்ல ஒரு மரம், மட்ட மஞ்சளிக்குது" என்றேன். என்ன மரம் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"இதுக்கா அண்ணே போனப் போட்டீக? உப்பும் சாம்பலும் வைங்க, கொஞ்சம் ஆட்டு எருவும் போடுங்க. நம்ம அய்யா வைக்கிறதப் பாத்ததில்லையா? பொஸ்தகத்துல இதெல்லாம் போடல போல!"

பார்த்திருக்கிறேன். தென்னம்பிள்ளை நடுகிற குழியில் அய்யா ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டுத்தான் மண் தள்ளுவார். வளர்ந்த மரத்துக்கும் வேரைச் சுற்றிப் பாத்தி எடுத்து உப்பு வைப்போம். எங்கள் வீட்டில் அது கேள்வி கேட்டுச் செய்கிற காரியம் இல்லை. சமையலறை ஜாடியில் இருந்த கல்லுப்பை என் கை தானாக அள்ளியது. தொட்டி மண்ணை விளிம்போரம் கிளறி உப்பையும் சாம்பலையும் எருவையும் போட்டு மூடி, மேலே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அந்த நேரத்தில் என் மனதில் தாவரவியல் என்று ஒன்றே இல்லை. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அவளுக்காக ஒரு வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் இலை நுனிகள் கருகின. பிறகு நடுநரம்பு வரைக்கும் கருகல் இறங்கியது. நெருப்புக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தது போல ஆகிவிட்டது.

மனைவி தினமும் வீடியோவில் பேசுவாள். "செடியக் காட்டுங்க."

"வெயில் அடிக்குது, ஒண்ணும் தெரியாது."

"சாயங்காலம் காட்டுங்க."

சாயங்காலம் கைபேசியில் சார்ஜ் இல்லை என்றேன். மறுநாள் வேறு ஒன்று சொன்னேன். அடுத்த முறை அவள் கேட்பதற்கு முன்பே, ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, "குருத்து வருது" என்றேன்.

திரையில் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "நெசமாவா? இந்தக் கோடையிலயா? எத்தன?"

"இனிமேத்தான் எண்ணணும்" என்றேன்.

அன்றே மகள் தனியாகக் கூப்பிட்டாள். "அய்யா, அம்மா பையில துணி எடுத்து வைக்கிறாக. குருத்து வந்துருச்சாம், நான் போறேன்ங்கிறாக. ஞாயித்துக்கிழம கார்ல கொண்டாந்து விடட்டுமா?" அவள் குரலில் கேலி இல்லை. "நீங்க பாசாயிட்டீகய்யா" என்றாள்.

நான் வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் கருகிய செடி. ஞாயிற்றுக்கிழமை அவள் காரில் இருந்து இறங்கி முதலில் பார்ப்பது இதைத்தான். நர்சரியில் இதே உயரத்தில் ஒன்று வாங்கி வைத்துவிட முடியுமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் யோசித்தேன். பிறகு போன் செய்தேன்.

"குருத்து வரல" என்றேன்.

"என்னது?"

"குருத்து வரல. செடி கருகிருச்சு. உப்பு வச்சிட்டேன்."

"என்னத்த வச்சீக?"

"உப்பு. தென்னைக்கு வைக்கிற மாதிரி."

பிறகு, "நீங்க பாடம் நடத்துனதே அந்தச் செடியத்தான?" என்றாள்.

"ஆமா."

"உப்பு வச்சது போகட்டும். தெரியாமச் செஞ்சீக. குருத்து வந்துச்சுன்னு சொன்னீக பாருங்க, அத எப்படிச் சொல்ல வந்துச்சு?"

அவள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு சில நாட்கள் அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. மகள்தான் சொன்னாள்: பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டாளாம். மகள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளும் திட்டவில்லை.

செத்த செடியானாலும் அந்த உப்பு மண்ணில் விட்டுவைக்க மனம் வரவில்லை. தொட்டியைச் சாக்கின் மேல் சாய்த்து, கொத்துக்கரண்டியால் சுற்றி நெகிழ்த்தி, செடியை வெளியே இழுத்தேன். முன்கை முழுக்கக் கீறல். கேனில் வாங்கிய குடிதண்ணீரை ஊற்றி வேரைக் கழுவினேன். கறுத்து வழுவழுப்பாகி, தொட்டதும் கையோடு வந்த வேர்கள்தான் அதிகம். ஒரு பக்கம் மட்டும் மண்ணின் மேற்பரப்பை ஒட்டி, பவளத் துண்டுகள் போலக் கிளைகிளையாக, பழுப்பாக, ஒரு கைப்பிடி வேர் கெடாமல் இருந்தது.

பவளவேர். எத்தனையோ வருடம் வண்ணச் சாக்பீஸில் அதை வரைந்திருக்கிறேன். குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு பச்சை வளையம் தெரியும்; அங்கே நுண்ணிய நீலப்பச்சைப் பாசி குடியிருந்து செடிக்குக் காற்றில் இருந்து சத்து எடுத்துக் கொடுக்கிறது என்று சொல்லிக் கொடுப்பேன். உயிருள்ள ஒன்றை நான் வெட்டிப் பார்த்ததே இல்லை. என் வாசலிலேயே இத்தனை காலம் இருந்தும் பார்க்கவில்லை. ஒரு சிறு துண்டைக் கத்தியால் குறுக்கே வெட்டினேன். வளையம் இருந்தது. நான் வரைந்ததைவிட மெல்லியதாக, பாசிப்பயற்றுத் தோல் நிறத்தில்.

மகளின் கைபேசிக்கு அழைத்தேன். "அம்மாட்ட சொல்லு. வேர்ல உயிர் இருக்கு. இந்தத் தடவ பொய் இல்ல, போட்டோ அனுப்புறேன்."

படம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மனைவி அவளாகவே கூப்பிட்டாள். நலம்கூட விசாரிக்கவில்லை.

"கெழங்க அமுக்கிப் பாத்தீகளா?"

"பாத்தேன். மேல கெட்டியா இருக்கு. அடியில ஒரு பக்கம் மெத்துன்னு இருக்கு."

"மெத்துன்னு இருக்கிறத வழிச்சு எடுத்துருங்க, வெள்ளையா வர்ற வரைக்கும். மஞ்சப்பொடி தடவி நெழல்ல காய வைங்க. எல ஒண்ணு விடாம அறுத்துருங்க. அறுத்த எலயத் தெருவுல போட்டுறாதீக, ஆடு தின்னா செத்துப்போகும். குழி தோண்டிப் புதைங்க." பிறகு, "அந்தப் பச்ச வளையம் என்னது?" என்று கேட்டாள்.

சொன்னேன். சாக்பீஸ் இல்லாமல், மெதுவாக, அவளுக்குப் புரிகிற மாதிரி. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "இம்புட்டு நாளா இது எனக்குத் தெரியாது பாருங்க" என்றாள். அந்த வீட்டில் நான் நடத்திய முதல் பாடம் அது.

செடி நன்றாகக் காய்ந்த பிறகு புது ஆற்றுமணலும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்து தொட்டியில் நிறுத்தினேன். இலையே இல்லாத வெறும் தண்டு. எதிர்வீட்டு அம்மா கேட்டைத் தாண்டிப் போகும்போது நின்று பார்த்தார். "என்ன சார், அன்னாசிப்பழத்த நட்டு வச்சிருக்கீக?"

அதற்குப் பிறகு செடிக்குச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. காலையில் எழுந்ததும் கை செம்பைத் தேடும். இரண்டு விரலை மண்ணில் விடுவேன். ஈரமாக இருக்கும். செம்பை வைத்துவிட்டு வருவேன். அந்தக் கைக்கு வேலை வேண்டும் என்று தெருக்குழாயில் குடம் பிடிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் குழாயடியில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"சார், கொடத்த இடுப்புல வைங்க, வயித்துல வைக்காதீக" என்றாள் ஒருத்தி.

"வயிறுதான முன்னால நிக்குது, அவரு எங்கன வைப்பாரு?" என்றாள் இன்னொருத்தி.

மூன்று படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அவள் எப்படி ஏறினாள் என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன். கொத்தனாரைக் கூப்பிட்டு, படிகளை இடித்துச் சரிவாகப் பூசி, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் குழாய்க் கம்பி வைத்தேன். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். ரசம் மட்டும் இன்னும் கைவரவில்லை. இதையெல்லாம் போனில் சொன்னேன். தாளிப்பு கருகிய ரசத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். செடியைப் பற்றிக் கேட்டால், "அப்படியேதான் இருக்கு" என்பேன். வேறு ஒரு வார்த்தை கூட்டவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தபோது தொட்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டினேன். எதிர்வீட்டு அம்மாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "ஊரே மழைக்கு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது, நீங்க அன்னாசிக்குக் கொட புடிக்கிறீக!"

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் காரில் அவளை அழைத்து வந்தாள். இரண்டு நாளுக்கான சின்னப் பைதான். கைக்கம்பை ஊன்றி இறங்கியவள் நேரே தொட்டிக்குப் போனாள். குனிய முடியாது; நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்து கட்டைவிரலால் தண்டைச் சுற்றி அமுக்கிப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு படி இருந்த இடத்தைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துச் சரிவில் ஏறி உள்ளே போனாள். சமையலறையில் குடத்து மூடியைத் திறந்து பார்த்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த தம்ளரை எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டி, மறுபடி ஒருமுறை கழுவி வைத்தாள்.

மறுநாள் மாலை மகள் கிளம்பும்போது பையை எடுக்கப் போனாள். "இருக்கட்டும்டி. குருத்து வர்ற வரைக்கும் இருந்து பாக்குறேன்" என்றாள் மனைவி.

"அம்மா, அது ஒரு வருசங்கூட ஆகும்."

"ஆகட்டுமே. எனக்கென்ன, பஸ்ஸா போகப்போகுது?"

மகள் என்னைப் பார்த்தாள். "அய்யா, இன்னும் நீங்க பாசாகல. சும்மா அடுத்த வகுப்புக்கு ஏத்தி விட்டுருக்கு, அம்புட்டுத்தான்."

அதன் பிறகும் சில மாதங்கள் போயின. தண்டு அப்படியே நின்றது. பங்குனி முடிகிற சமயம், ஒரு காலையில் விரலை மண்ணில் விடக் குனிந்தபோது, உச்சியில் செதில்கள் விலகி, நடுவில் பழுப்புப் பஞ்சு போல ஏதோ புடைத்திருப்பதைப் பார்த்தேன். மறுநாள் பஞ்சுக்குள் சுருண்ட நுனிகள் தெரிந்தன.

அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். குருத்து வரும்வரை என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். இல்லாத குருத்தை வந்தது என்று சொன்னவன், வந்த குருத்தைச் சொல்லாமல் விட்டால் இன்னும் சில நாள் கிடைக்குமே என்று நினைத்தேன். அந்த நினைப்பை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பயன் இல்லை.

உள்ளே போய், "குருத்து வந்துருக்கு. வந்து பாரு" என்றேன்.

அவள் கம்பைக்கூட எடுக்காமல் சுவரைப் பிடித்து வந்தாள். பார்த்தாள். "எண்ணுனீகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஏறக்குறைய ஒரு வருடமாக நான் கேட்காத சிரிப்பு.

அன்று மாலை மகள் போனில் கேட்டது எனக்கும் கேட்டது. "குருத்துதான் வந்துருச்சுல்லம்மா, எப்பக் கூப்பிட வரட்டும்?"

"விரியுற நேரத்துல அதத் தொடவே கூடாதுடி. தொட்டியத் திருப்புனாக்கூட எல கோணிக்கிரும்."

"செடிய யாரு திருப்பச் சொன்னா? உன்னையத்தான கூப்பிடுறேன்."

"நான் அங்கிட்டு வந்தா உங்கய்யா உப்பு ஜாடியத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துருவாரு. நான் இங்கனதான் இருப்பேன், போனை வையி."

கைபேசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மண்ணப் பாத்தீகளா இன்னிக்கு?"

வாசலுக்குப் போய், குருத்தில் படாமல் ஓரமாக இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரம் இருந்தது. செம்பைத் தொடாமல் திரும்பி வந்தேன்.